நம்பாதவருக்காக எழுதும் பத்தி: கட்டுரை எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் சனிக்கிழமைதோறும் கட்டுரை வகுப்பு எடுக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் என்று பலரும் வருகிறார்கள். முன்னுரையை எப்படியோ எழுதிவிடுகிறார்கள். முடிவுரைக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நடுவில் உள்ள பொருளுரைப் பத்திகளில்தான் கட்டுரை நொடித்துப்போகிறது. அங்கே எழும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். எடுத்துக்காட்டுகள் காவிரிப் படுகையைச் சேர்ந்தவை. என் மாணவர்கள் நடந்து பழகிய மண் அது.

மையக் கருத்து என்பது தலைப்புதானே?

இல்லை. ‘காவிரியும் டெல்டா விவசாயமும்’ என்பது தலைப்பு. அதை யாராலும் மறுக்க முடியாது, ஏனென்றால் அது இன்னும் எதையும் சொல்லவில்லை. ‘தஞ்சை தமிழகத்தின் நெற்களஞ்சியம்’ என்பதும் மையக் கருத்து ஆகாது. அது எல்லாரும் ஒப்புக்கொண்ட பட்டம். ஒரு கூற்றைக் கேட்டவுடன் ஒருவராவது ‘அப்படியா, எதை வைத்துச் சொல்கிறாய்?’ என்று கேட்க வேண்டும். அப்போதுதான் அது மையக் கருத்து.

என் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய வாக்கியத்தைப் பக்கம் முழுவதும் கூடவே எடுத்துச் செல்கிறேன்: ‘டெல்டாவில் குறுவையைத் தீர்மானிப்பது காவிரியில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதைவிட, எந்த நாளில் வருகிறது என்பதே.’ குறுவை என்பது ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல் சாகுபடி. ‘தண்ணீரே இல்லாவிட்டால் நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?’ என்று இதை மறுத்துக் கேட்கலாம். மறுக்க இடம் இருப்பதால்தான் நிறுவவும் இடம் இருக்கிறது.

பொருளுரைப் பத்தியின் வேலை என்ன?

நம்பாத ஒருவரை நம்பவைப்பது. இதை மறந்துவிட்டால் பத்தி, தெரிந்ததையெல்லாம் கொட்டிவைக்கும் இடமாகிவிடும். காவிரி குடகில் தோன்றுகிறது, கல்லணையைக் கட்டியவன் கரிகாலன், மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது என்று மாணவர்கள் அடுக்கிக்கொண்டே போவார்கள். எல்லாம் பாடத்தில் படித்தவைதான். ஆனால் எதிரே ஒருவர் உட்கார்ந்து ‘அளவைவிட நாள் எப்படி முக்கியமாகும்?’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய கேள்விக்கு இந்த மூன்றில் ஒன்றும் விடையாகவில்லை.

எழுதும்போது அந்த ஒருவரை மேசைக்கு எதிரில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் பகைவர் அல்லர். நியாயமானவர், நீங்கள் சொல்வதைக் கேட்கப் பொறுமை உள்ளவர், ஆனால் காரணம் கேட்காமல் தலையாட்டாதவர். நம் ஊர்ப்பக்கம் வாய்க்கால் கரையில் அப்படிப்பட்ட பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

ஒரு நல்ல பத்திக்குள் என்னென்ன இருக்க வேண்டும்?

மணிமேகலையை எடுத்துப் பாருங்கள். காவிரி கடலில் கலக்கும் புகார் நகரத்துப் பெண் அவள். அந்தக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்கு அளவை நெறியை, அதாவது ஒரு கூற்றை நிறுவும் முறையைக் கற்பிக்கிறார். அங்கே வரும் எடுத்துக்காட்டு எளிமையானது. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிவதால், அடுக்களையைப் போல.

முதலில் சொன்னது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. அடுத்தது ஏது, அதற்கான காரணம். மூன்றாவது திட்டாந்தம், கேட்பவர் ஏற்கெனவே கண்டறிந்த ஒன்றை எடுத்துக்காட்டுவது. நான்காவதாக உபநயம் வருகிறது. அடுக்களையில் கண்ட புகை போன்றதே இந்த மலையிலும் இருக்கிறது என்று பொருத்திக் காட்டுவது அது. கடைசியில் நிகமனம், நிறுவிய முடிபைச் சொல்வது. இந்த ஐந்தும் ஒரு பத்திக்குள் இருந்தால் அந்தப் பத்தி தன் காலில் நிற்கும்.

மாணவர்கள் முதல் மூன்றையும் எழுதிவிடுகிறார்கள். அவர்கள் விட்டுவிடுவது உபநயத்தை. எடுத்துக்காட்டைச் சொன்னவுடன் ‘புரிந்திருக்குமே’ என்று நிறுத்திவிடுகிறார்கள். நம்பாதவருக்குப் புரிவதில்லை. அடுக்களைக்கும் மலைக்கும் என்ன உறவு என்பதை எழுதுகிறவர்தான் சொல்ல வேண்டும்.

முழுப் பத்தி ஒன்றைக் காட்ட முடியுமா?

அந்த மாணவியின் பத்தி, மூன்றாவது முறை திருத்திய பின் இப்படி இருந்தது:

‘குறுவை நெல்லின் காலம் இரண்டு பக்கமும் அடைபட்டது. ஜூனில் நாற்றங்கால் விட்டால்தான், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கும் முன் அறுவடை முடியும். அதனால் நீர் வரும் நாள் தவறினால், பின்னால் எவ்வளவு வந்தாலும் குறுவைக்குப் பயன்படுவதில்லை. 2018ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு மேட்டூர் அணை ஜூலை 19 அன்றுதான் திறக்கப்பட்டது. அடுத்த சில நாட்களிலேயே அணை 120 அடியை எட்டியது. ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் ஓடியது. அந்த வெள்ளத்தின்போது முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் உடைந்தன. தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஜூனில் ஆற்றை நம்பி நாற்றங்கால் விட முடியாத வயலுக்கு, ஆகஸ்ட் வெள்ளம் குறுவையைத் திருப்பித் தரவில்லை. அது அடுத்த பருவ நெல்லான சம்பாவுக்குத்தான் உதவியது. அளவே எல்லாவற்றையும் தீர்மானிப்பதாக இருந்தால் 2018 நல்ல குறுவை ஆண்டாக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லாமல் போனதற்குக் காரணம், நீர் வந்த நாள்.’

கடைசி இரண்டு வாக்கியங்களை மறைத்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். தகவல்கள் எல்லாம் அப்படியே இருக்கும், வாதம் மட்டும் காணாமல் போயிருக்கும். ‘அளவே எல்லாவற்றையும் தீர்மானிப்பதாக இருந்தால்’ என்று தொடங்கும் வாக்கியம்தான் உபநயம். அவளுடைய முதல் படியில் அது இல்லை. அதற்குப் பதிலாக ‘எனவே அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தாள். அந்தக் கோரிக்கை நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவருடைய ஐயம் அதனால் தீரவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு போதுமா?

எடுத்துக்காட்டைப் பொறுத்தது. ஒரே ஓர் ஆண்டைச் சொன்னால் ‘அது தற்செயல்’ என்று ஒதுக்கிவிடலாம். அதே மாணவி பின்னொரு பத்தியில், 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-ல் திறக்க முடியாமல் போனதைச் சொன்னாள். உடனே 2018 தனித்த ஓர் ஆண்டாக இல்லாமல் ஒரு தொடரின் பகுதியாகிவிட்டது.

இன்னொன்றும் செய்யலாம். புகையுள்ள இடத்தைக் காட்டியதோடு நில்லாமல், நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை என்று மறுபக்கத்தையும் காட்டுவது. பழைய அளவை நூலார் இதை விபக்கம் என்பார்கள். 2020-ல் அணை ஜூன் 12 அன்றே திறக்கப்பட்டது. குறுவைப் பரப்பும் முந்தைய ஆண்டுகளைவிடக் கூடியது. நாள் தவறியபோது குறுவை சுருங்கியது, நாள் தவறாதபோது விரிந்தது என்று இரண்டையும் அருகருகே வைத்தால், பத்து எடுத்துக்காட்டுகளை அடுக்குவதைவிட வலுவாக இருக்கும்.

புள்ளிவிவரங்கள் நிறைய இருந்தால் மதிப்பெண் கூடுமா?

எண்ணைக் கண்டு மயங்குகிறவர்கள் தேர்வு எழுதுகிறவர்கள்தான். திருத்துகிறவர்கள் அவ்வளவு எளிதில் மயங்குவதில்லை. மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) என்பதைப் பலரும் மனப்பாடமாக எழுதுகிறார்கள். நம் மையக் கருத்துக்கு அந்த எண் ஒன்றும் செய்வதில்லை. அது அளவைப் பற்றியது, நாம் பேசுவது நாளைப் பற்றி.

இன்னோர் எண்ணைப் பாருங்கள். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, கர்நாடக எல்லையில் காவிரி நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்குக் கிடைக்க வேண்டியது ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. 2007-ல் காவிரி நடுவர் மன்றம் சொன்னது 192. இந்த இரண்டையும் எழுதிவிட்டு ‘குறைந்துவிட்டது’ என்று வருந்துவதோடு பெரும்பாலான கட்டுரைகள் நின்றுவிடுகின்றன. ஆனால் அந்த 177.25 மாதவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. இப்போது பத்தியில் எழுதிப் பாருங்கள்: ‘ஆண்டின் மொத்த அளவு மட்டுமே போதும் என்றால், மாதந்தோறும் இவ்வளவு என்று ஏன் வகுக்க வேண்டும்? பயிருக்கு நாள் முக்கியம் என்பது தீர்ப்பின் கணக்கிலேயே இருக்கிறது.’

எண்ணைத் தேடும்போது ‘இது என் கூற்றில் எந்தச் சொல்லைத் தாங்குகிறது?’ என்று கேளுங்கள். எந்தச் சொல்லையும் தாங்கவில்லை என்றால், அது எவ்வளவு துல்லியமான எண்ணாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சொந்த அனுபவத்தைக் கட்டுரையில் எழுதலாமா?

எழுதுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். வயலிலும் தோப்பிலும் வளர்ந்த பிள்ளைகள், கட்டுரை என்று வந்தவுடன் தாம் கண்டதையெல்லாம் வீட்டுத் திண்ணையிலேயே விட்டுவிட்டு, கட்டுரைக் கோவையிலிருந்து வாக்கியங்களைக் கடன் வாங்குகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தமளிப்பது இதுதான். அவர்களிடம் இருக்கும் சான்று வேறு யாரிடமும் இல்லை.

ஆனால் அனுபவம் தானாகவே சான்றாகிவிடாது. பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவர் 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலைப் பற்றி எழுதினார். அவருடைய மையக் கருத்து: ‘கஜாவின் இழப்பை விழுந்த மரங்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்க முடியாது.’ முதல் படியில் இரவு முழுவதும் கேட்ட காற்றின் ஓசை, விடிந்ததும் தென்னைகள் வேரோடு கிடந்த காட்சி, அம்மாவின் அழுகை எல்லாம் இருந்தன. படித்தபோது எனக்கும் கண் கலங்கியது. ஆனாலும் அவர் கூற்று நிறுவப்படவில்லை. அவர் விவரித்தது விழுந்த மரங்களையேதான்.

‘எண்ணிக்கையில் அடங்காதது எது, தம்பி?’ என்று கேட்டேன். வெகு நேரம் யோசித்தார். இரண்டாவது படியில் இப்படி எழுதினார்: ‘மரங்கள் விழுந்தபோது நான் எட்டாம் வகுப்பு. அடுத்த ஆண்டு அப்பா புதுக் கன்றுகள் வைத்தார். நான் பத்தாம் வகுப்பை முடித்தேன், பன்னிரண்டாம் வகுப்பை முடித்தேன், கல்லூரியில் சேர்ந்தேன். கன்றுகள் இன்னும் பாளை விடவில்லை. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஒரு மரம் விழுந்தது என்று கணக்கெழுதும்போது, அந்த மரம் காய்க்காத ஆண்டுகள் கணக்கில் வருவதில்லை.’ இங்கே கண்ணீர் குறைவு. இழப்பு முன்பைவிடக் கனமாகத் தெரிகிறது. தன் பள்ளி ஆண்டுகளையே அளவுகோலாக்கியதால், அனுபவம் சான்றாக மாறியது.

ஓர் எச்சரிக்கை. ‘எங்கள் தோப்பில்’ என்று எழுதியதை அடுத்த வரியில் ‘டெல்டா முழுவதும்’ என்று விரித்துவிடாதீர்கள். உங்கள் வீட்டுச் சான்று உங்கள் வீட்டுக்குப் போதும். அதைப் பரப்ப வேண்டுமென்றால் தென்னையின் இயல்பு போன்ற பொது உண்மை ஒன்று துணைக்கு வர வேண்டும்.

திருக்குறள் மேற்கோள் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. உழவைப் பற்றிய கட்டுரை என்றால் பத்தில் எட்டுப் பேர் 1033ஆம் குறளை எழுதுகிறார்கள். அது உழவரைப் போற்றும் அருமையான குறள், ஆனால் எந்த வாதத்துக்கும் பொருந்திவிடும். எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதையும் நிறுவாது. அதே அதிகாரத்தில் 1038ஆம் குறள், உழுவதைவிட எருவிடுதல் நல்லது, நீர் பாய்ச்சுவதைவிடப் பயிரைக் காத்தல் நல்லது என்று வரிசைப்படுத்திச் சொல்கிறது. பராமரிப்பைப் பற்றி வாதிடும் பத்திக்கு அது உண்மையான துணை. மேற்கோளுக்குப் பின் அதன் பொருளை உரையாக எழுதாமல், உங்கள் கூற்றோடு அது எங்கே தொடுகிறது என்று ஒரு வாக்கியம் எழுதினால் போதும்.

எதிர்க்கருத்தை எழுதினால் என் கட்டுரை பலவீனமாகிவிடாதா?

சிவஞான சித்தியார் என்னும் சைவ சாத்திர நூல் இரண்டு பகுதிகளாக இருக்கிறது. பிறர் கொள்கைகளை எடுத்து மறுக்கும் பரபக்கம் முதலில் வருகிறது. தன் கொள்கையை நிறுவும் சுபக்கம் அதற்குப் பிறகுதான். எதிராளி சொல்வதை முறையாக எடுத்துச் சொல்லாமல் தன் கருத்தை நிறுவிவிட்டதாக நம் முன்னோர் எண்ணவில்லை.

குறுவைக் கட்டுரைக்கு வருவோம். வகுப்பில் இரண்டு எதிர்ப்புகள் எழுந்தன. ஒரு மாணவர் கேட்டார்: ‘எங்கள் வயலில் போர்வெல் இருக்கிறது. மேட்டூர் எந்த நாளில் திறந்தாலும் நாங்கள் குறுவை நடுகிறோமே?’ உண்மைதான். ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்கள் அணை தாமதமான ஆண்டுகளிலும் குறுவை செய்தார்கள். அதை ஒப்புக்கொண்டு, பாசன வாய்க்காலின் கடைசிப் பகுதியான கடலோரக் கடைமடையில் நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் ஊர்களில் அந்த வழி இல்லை என்று அந்த மாணவி பதில் எழுதினாள். கூடவே மையக் கருத்தில் ‘ஆற்று நீரை நம்பிய குறுவை’ என்று மூன்று சொற்களைச் சேர்த்தாள்.

இரண்டாவது எதிர்ப்பு கடினமானது. ‘2023-ல் ஜூன் 12 அன்றே திறந்தார்களே, அப்புறமும் பயிர் ஏன் கருகியது?’ அந்த ஆண்டு கர்நாடகத்திலிருந்து போதிய நீர் வராததால் அணை இறங்கிக்கொண்டே போனது. கடைமடையில் குறுவை காய்ந்தது. அக்டோபர் 10 அன்று அணையை மூடினார்கள். நாள் சரியாக இருந்தும் பயிர் பிழைக்கவில்லை. அவள் முகம் வாடிவிட்டது. கட்டுரையையே மாற்ற வேண்டுமா என்று கேட்டாள்.

கட்டுரையை மாற்ற வேண்டாம், கருத்தைத் தீட்டினால் போதும் என்றேன். ஒரு வாரம் கழித்து வந்த புதிய வாக்கியம்: ‘ஆற்று நீரை நம்பிய குறுவையைத் தீர்மானிப்பது ஆண்டு முழுவதும் வரும் நீரின் மொத்த அளவைவிட, ஜூனில் தொடங்கி அறுவடைக்கு முன்வரை உரிய நாட்களில் நீர் தவறாமல் வருகிறதா என்பதே.’ 2023 இப்போது எதிர்ச்சான்றாக இல்லை. அவள் பக்கத்துச் சான்றாகவே மாறிவிட்டது. பத்திகளை எழுதிய பிறகு மையக் கருத்தைத் திருத்துவது தோல்வி என்று பலர் நினைக்கிறார்கள். என் கணக்கில், ஒரு கட்டுரையில் நடக்கக்கூடிய மிக நல்ல காரியம் அதுதான்.

ஆசிரியர் ஓரத்தில் ‘விரிவாக எழுதுக’ என்று குறித்திருக்கிறார். இன்னும் என்ன எழுதுவது?

அந்தக் குறிப்பைப் பார்த்ததும் பிள்ளைகள் அடைமொழிகளைச் சேர்க்கிறார்கள். ‘வாய்க்கால்களைத் தூர்வாருவது அவசியம்’ என்ற வாக்கியம், ‘வாய்க்கால்களைத் தூர்வாருவது மிக மிக இன்றியமையாத, தலையாய கடமையாகும்’ என்று ஆகிறது. வாக்கியம் நீண்டது, கருத்து நின்ற இடத்திலேயே நிற்கிறது.

‘விரிவாக’ என்றால் எதிரில் இருப்பவர் அடுத்துக் கேட்கக்கூடிய கேள்விக்குப் போக வேண்டும். எப்படி அவசியம்? வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக்கிடந்தால் நீர் தேங்கி நின்றுவிடும். யாருக்கு? தலைமடைக்காரருக்கு அவ்வளவாகத் தெரியாது, கடைமடைக்காரருக்குத்தான் நீர் எட்டாது. அதற்கும் குறுவைக்கும் என்ன தொடர்பு? அணை உரிய நாளில் திறந்தாலும், தூர்வாராத வாய்க்காலில் அந்த நீர் கடைமடைக்கு வந்துசேர நாளாகிவிடும்; மேட்டூரில் தவறாத நாள் அவர் வயலில் தவறிவிடும். இந்த மூன்று பதில்களையும் சேர்த்தால் பத்தி தானாக விரிந்திருக்கும். அடைமொழி ஒன்றுகூடத் தேவைப்பட்டிருக்காது. தூர்வாருதல் என்ற தனிச் செய்தி, ‘உரிய நாளில் நீர்’ என்ற மையக் கருத்துக்கு வந்து சேர்ந்ததையும் கவனியுங்கள்.

ஒரு பத்திக்கு எத்தனை வரி? ஒரு கட்டுரைக்கு எத்தனை பத்தி?

ஒரு பத்திக்கு ஒரு காரணம். அதை நம்பவைக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வரி. பள்ளிக் கட்டுரைக்கு மூன்று அல்லது நான்கு பொருளுரைப் பத்திகள் போதும். ஏழெட்டு மெலிந்த பத்திகளைவிட மூன்று நிறைந்த பத்திகள் நல்லவை.

உட்தலைப்பு போட வேண்டுமா?

பள்ளித் தேர்வில் போடுங்கள், எதிர்பார்க்கிறார்கள். ஆனால் ‘நீரின் சிறப்பு’ என்பதுபோல் வெறும் பெயராக இல்லாமல், ‘நாள் தவறினால் குறுவை இல்லை’ என்பதுபோல் பத்தியின் கூற்றையே உட்தலைப்பாக வையுங்கள். எழுதும் உங்களுக்கும் அது வழிகாட்டும்.

பத்திகளை எந்த வரிசையில் வைப்பது? ‘மேலும்’ போட்டு இணைத்தால் போதாதா?

ஒரு சோதனை சொல்கிறேன். இரண்டாம் பத்தியையும் மூன்றாம் பத்தியையும் இடம் மாற்றி வைத்துப் படியுங்கள். ஒன்றும் குலையவில்லை என்றால் அவற்றுக்குள் வரிசை இல்லை என்று பொருள். ‘மேலும்’, ‘அதுமட்டுமன்றி’ ஆகிய சொற்கள் அப்படிப்பட்ட பத்திகளுக்கு இடையில்தான் அதிகம் வரும். அவை சேர்க்குமே தவிர, முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள உறவைச் சொல்லாது.

குறுவைக் கட்டுரையில் முதல் பத்தி 2018-ஐ வைத்து நாளின் முக்கியத்துவத்தை நிறுவுகிறது. அதைப் படித்தவருக்கு ‘நீர் தாமதமாக வந்தால் தாமதமாக நட்டால் என்ன?’ என்ற கேள்வி எழும். ஆகவே இரண்டாம் பத்தி அதற்கான விடை: தாமதமாக நட்ட பயிர் அக்டோபர், நவம்பர் மழையில் அறுவடைக்கு வரும், கதிர் சாயும், கொள்முதல் நிலையத்தில் விதிப்படி 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருக்கக் கூடாது, மழையில் நனைந்த நெல் அதைத் தாண்டிவிடும். முதல் பத்தி எழுப்பிய கேள்வியிலிருந்து இரண்டாம் பத்தி பிறக்கிறது. ‘தாமதமாக நடுவதும் வழியாகாது’ என்று அது தொடங்கினால் போதும். இணைப்புச் சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை.

எழுதியதைத் திருத்தும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நன்னூல் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. பொருளுரைப் பத்திக்கு அவற்றில் நான்கு போதும். குன்றக் கூறல்: காரணம் சொல்லாமல் கூற்றை மட்டும் வைப்பது. கூறியது கூறல்: முதல் வாக்கியத்தையே வேறு சொற்களில் மூன்று முறை எழுதுவது. மற்றொன்று விரித்தல்: கல்லணை என்ற சொல் வந்தவுடன் கரிகாலன் வரலாற்றுக்குள் போய்விடுவது. இதில் டெல்டாப் பிள்ளைகள் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். ஊர்ப்பெருமை கையை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

நான்காவதாகச் சொல்வதைத்தான் நான் மிகவும் கவனித்துப் பார்ப்பேன். சென்று தேய்ந்து இறுதல். வலுவாகத் தொடங்கிப் போகப் போக மெலிந்து முடிவது. தலைமடையில் கரைபுரண்ட நீர் கடைமடையில் வெறும் ஈரமாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. பத்தியின் கடைசி வாக்கியத்தை மட்டும் தனியே எடுத்துப் படியுங்கள். ‘இவ்வாறு பல சிறப்புகள் உள்ளன’ என்பதுபோல் இருந்தால், நீர் பாதியிலேயே நின்றுவிட்டது. பத்தி நிறுவிய குறிப்பான முடிபு அந்த இடத்தில் இருக்க வேண்டும்.

தேர்வில் இவ்வளவுக்கும் நேரம் ஏது?

எழுதத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மையக் கருத்தை ஒரு வரியில் எழுதுங்கள். அதன் கீழே ஒவ்வொரு பத்திக்கும் இரண்டு வரி: ‘ஏனென்றால்’ என்று தொடங்கும் ஒன்று, ‘எடுத்துக்காட்டாக’ என்று தொடங்கும் ஒன்று. ‘ஏனென்றால்’ வரி எழுத வரவில்லை என்றால் அந்தப் பத்தியை அப்போதே கைவிட்டுவிடலாம். விடைத்தாளில் ஒரு பக்கம் எழுதிய பிறகு கைவிடுவதைவிட அது எளிது.

எழுதி முடித்ததை யாரிடம் காட்டுவது?

தமிழாசிரியரிடம் காட்டுங்கள். அதற்கு முன், பொருளை அறிந்த ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவருக்கு இலக்கணம் தெரிந்திருக்க வேண்டிய தேவை இல்லை.

குறுவைக் கட்டுரை எழுதிய மாணவி அதைத் தன் தாத்தாவிடம் படித்தாள். அறுபது ஆண்டுகள் வயலில் நின்றவர் அவர். முதல் பத்தி முடிந்ததும் நிறுத்தச் சொன்னாராம். ‘ஏனம்மா, பன்னிரண்டாம் தேதி மேட்டூரில் திறந்தால் அன்றைக்கே நம் வயலில் பாய்ந்துவிடுமா?’ என்று கேட்டிருக்கிறார். அவள் அதை யோசிக்கவே இல்லை. மறுநாள் விசாரித்து ஒரு வாக்கியம் சேர்த்தாள்: ‘மேட்டூரில் திறக்கும் நீர் கல்லணையை எட்டவே மூன்று நான்கு நாட்களாகும், அங்கிருந்து கடைமடைக்கு வர இன்னும் நாட்கள் பிடிக்கும், ஆகவே அணை ஒரு வாரம் தாமதித்தால் கடைமடை விவசாயி ஏற்கெனவே காத்திருக்கும் நாட்களோடு அதுவும் சேர்கிறது.’

திரும்பவும் படித்துக் காட்டியபோது தாத்தா தலையசைத்துவிட்டு, ‘முறைவைத்துத் தண்ணீர் விட்டால் எங்கள் முறை வரும்வரை நாற்று என்ன ஆகும், அதை எங்கே எழுதியிருக்கிறாய்?’ என்று கேட்டாராம். அதற்கும் அவளிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் அவளுடைய நான்காவது பத்தியாயிற்று.